கம்பெனி பிடித்த வரி கணக்கில் ஏறவில்லை: என் ரீஃபண்ட் என்ன ஆகும்?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 80,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தேன். 2024 டிசம்பரில் விலகி, ஜனவரி முதல் வேறு நிறுவனத்தில் 90,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். கையில் பணம் இருந்தால் செலவாகிவிடும் என்பதால், பழைய நிறுவனத்தில் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். மாதம் 8,000 வீதம் 9 மாதம், மொத்தம் 72,000 பிடித்தார்கள். புது நிறுவனம் பிடிக்கவில்லை. ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்து 28,840 ரீஃபண்ட் கேட்டேன். என் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ல் 48,000 மட்டுமே இருப்பதாகச் சொல்லி, வருமான வரித் துறையினர் ரீஃபண்டை 4,840 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதையும் முந்தைய ஆண்டின் 14,200 ரூபாய் டிமாண்டில் (பாக்கி என்று துறை கேட்கும் வரி) கழித்துக்கொண்டார்கள். அந்த டிமாண்டும் இதே நிறுவனம் ஒரு காலாண்டு வரியைக் கட்டாததால் வந்ததுதான். நான் யாரைக் கேட்பது? இப்போதைய நிறுவனத்திலும் மாதம் 5,000 பிடிக்கச் சொல்லலாமா? 67 வயதான என் அப்பாவின் டெபாசிட் வட்டியில் வங்கி பிடித்த 14,000 ரூபாயைத் திரும்பப் பெற முடியுமா? அவர் ரிட்டர்ன் போடவில்லை.

பதில்: உங்களுக்கு நடந்தவை இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. கழித்துக்கொண்ட 4,840-ல் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கணக்கில் ஏறாத 24,000-ல் அப்படி இல்லை.

முதலில் கணக்கு. 2024-25-ல் இரண்டு இடத்துச் சம்பளமும் சேர்ந்து 9,90,000. நிலையான கழிவு 75,000 போக 9,15,000. புதிய வரிமுறையில் வரி 41,500, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,660, ஆக 43,160. நீங்கள் கேட்ட 28,840 சரியான தொகைதான். கம்பெனி உண்மையில் கட்டிய 48,000 உங்கள் முழு வரியையும் அடைத்து 4,840 மிச்சமும் வைத்துவிட்டது. ஆகவே காணாமல் போன 24,000-ல் வரிப் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அத்தனையும் நீங்கள் சேமிப்பாக நினைத்து விட்டுவைத்த பணம்.

இது ஏன் முக்கியம்? வருமான வரிச் சட்டம் 1961-ன் 205-வது பிரிவு ஒரு தடை விதிக்கிறது: சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியைத் துறை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது. கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம், வசூலும் அவரிடம்தான். நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1-லும் 2016 மார்ச் 11-லும் இதையே அதிகாரிகளுக்கு எழுத்தில் வலியுறுத்தியது. ஆனால் அந்தத் தடை துறை உங்களிடம் கேட்பதற்குத்தான். நீங்கள் துறையிடம் கேட்கும்போது 199-வது பிரிவு குறுக்கே வருகிறது. பிடித்து, அரசுக்குச் செலுத்தப்பட்ட வரிக்கே வரவு என்கிறது அது. அரசுக்கு வராத பணத்தை அரசிடமிருந்து வாங்குவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முந்தைய ஆண்டின் 14,200-க்கு 205 நேராகப் பொருந்தும். டிமாண்டையே வசூலிக்கக் கூடாது என்றால், ரீஃபண்டில் கழிப்பதும் சுற்றுவழி வசூல்தான். 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. கழிப்பதற்கு முன் 245-வது பிரிவின் கீழ் உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்து பார்க்காமல் விட்டிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. இ-ஃபைலிங் தளத்தில் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதிக்குள் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' திறந்து, டிமாண்டை ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். பலர் அவசரத்தில் 'டிமாண்ட் சரி' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து எல்லோரும் செய்வது 154-வது பிரிவில் திருத்த மனு. ஆணை வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால் தளத்தில் 'ரிட்டர்னை மறுபடி பரிசீலி' என்று மட்டும் கொடுத்தால், ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சி.பி.சி.யின் கணினி அதே 26ஏஎஸ்-ஐப் பார்த்து அதே பதிலைத்தான் தரும். அந்தக் கணினிக்கு 205 தெரியாது. எனவே உங்கள் பான் எண்ணுக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கே எழுத்து மூலம் மனு கொடுங்கள். கட்டப்படாத காலாண்டின் சம்பளச் சீட்டுகள், அதே மாதங்களில் நிகரச் சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட், நியமனக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். சீட்டில் உள்ள மொத்தச் சம்பளம் கழித்தல் டி.டி.எஸ். கழித்தல் பி.எஃப்., வங்கியில் வந்த தொகையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். வரி பிடிக்கப்பட்டது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 205-ன் பலன் அதற்குப் பிறகுதான். கூடுதலாகப் பிடிக்கச் சொன்ன உங்கள் மின்னஞ்சல் இந்த வகையில் 2024-25-க்கு நல்ல சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

பதில் வராவிட்டால் தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம். இன்டிமேஷன் (ரிட்டர்னைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் அறிவிப்பு) கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 35-ல் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. உங்கள் வருமானத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கோர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு கடைசி வழி. இந்தத் தொகைக்கு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செலவு ரீஃபண்டை விழுங்கிவிடும்.

4,840 விடுபட்டால் அதற்கு 244ஏ-ன்படி மாதம் அரை சதவீத வட்டியும் உண்டு. நீங்கள் கெடுவுக்குள் தாக்கல் செய்ததால் 2025 ஏப்ரல் 1 முதல் ஓடும். ரீஃபண்ட் நிர்ணயித்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. உங்கள் எல்லை 4,316, மயிரிழையில் தாண்டிவிட்டீர்கள். ரீஃபண்ட் வருமானம் அல்ல. அதன் வட்டி வருமானம், அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

இனி 24,000. கம்பெனி பணத்தை விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டும் முன் 26ஏஎஸ்-ஐ மறுபடி திறந்து பாருங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் 2024 வரிசைகளே இல்லையென்றால், டி.டி.எஸ். காலாண்டு அறிக்கையை அவர்கள் தாக்கல் செய்யவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறார்கள். வரிசை இருந்து, நிலை 'எஃப்' என்பதற்குப் பதில் 'யூ' என்று நின்றால் அறிக்கையும் சலானும் (வரி கட்டிய ரசீது) பொருந்தவில்லை என்று பொருள். பான் எண் பிழையும் சலான் பிழையும் திருத்த அறிக்கை ஒன்றில் தீர்ந்துவிடும். எனவே கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியவை, மூன்று மாதச் சலான்களின் பி.எஸ்.ஆர். குறியீடு (பணம் கட்டிய வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண். கட்டியவருக்கு இவற்றைத் தர ஐந்து நிமிடம் ஆகாது. மழுப்பினால் கட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. தவறினால் பிடித்த நாளிலிருந்து மாதம் ஒன்றரை சதவீத வட்டி. அறிக்கை தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16 தராததற்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். இவற்றைவிட நிர்வாகிகளை அசைப்பது 276பி: பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்று 2024-25-ல் இருந்தது. காலாண்டு அறிக்கைக்கான கெடுவுக்குள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை என்று பின்னர் ஒரு விலக்கு வந்தது. உங்கள் காலாண்டுக்கு அந்தக் கெடு 2025 ஜனவரி 31. அது போய்விட்டது என்பதை நோட்டீஸில் ஒரு வரியாகச் சேருங்கள்.

நோட்டீஸுக்கும் அசையாவிட்டால் கம்பெனியின் டான் எண் (வரி பிடிப்பவருக்குத் துறை தரும் எண்) எந்த டி.டி.எஸ். அதிகாரியின் கீழ் வருகிறதோ அவரிடம் புகார் கொடுங்கள். உங்கள் மதிப்பீட்டு அதிகாரி வேறு, இவர் வேறு. கம்பெனியின் கணக்கை ஆய்வு செய்து வசூலிக்கும் அதிகாரம் இவருடையது. உங்களோடு வேலை பார்த்த மற்றவர்களுக்கும் அதே காலாண்டு விடுபட்டிருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து சம்பளச் சீட்டுகளோடு போனால் கோப்பு நகரும். பணம் கட்டி அறிக்கை ஏறியதும் 26ஏஎஸ் மாறும். அப்போது உங்கள் திருத்த மனுவை சி.பி.சி. கணினியே ஏற்கும். பிடிப்பவர் அரசின் முகவர் என்ற அடிப்படையில், கட்டாத வரிக்கும் வரவு கேட்டு நீதிமன்றத்தில் வாதிட இடம் உண்டு. ஆனாலும் கம்பெனியைக் கட்ட வைப்பதுதான் குறுக்குவழி.

ஒன்றில் நீங்கள் சரியாக நடந்திருக்கிறீர்கள்: 7,20,000-ஐ முழுதாகக் காட்டி, வராத டி.டி.எஸ்.ஸையும் கேட்டிருக்கிறீர்கள். சிலர் கோபத்தில் கைக்கு வந்த சம்பளத்தை மட்டும் வருமானமாகக் காட்டுவார்கள். பிடித்த வரியும் பெற்ற வருமானமே என்கிறது 198-வது பிரிவு. குறைத்துக் காட்டினால் பாதிக்கப்பட்டவரே வருமானத்தை மறைத்தவர் ஆகிவிடுவார்.

இப்போதைய நிறுவனத்தில் 5,000 பிடிக்கச் சொல்லலாமா? வேண்டாம். 2025-26-ல் உங்கள் ஆண்டுச் சம்பளம் 10,80,000. நிலையான கழிவு போக 10,05,000. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. அது இருந்தால் கணக்கு மாறும். வரியே இல்லாதவர் பிடிக்கச் சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் பழைய நிறுவனத்தில் மாட்டிய 24,000-ன் வகைதான். 205-ன் காப்பு அதற்குக் கிடையாது.

லாபக் கணக்கிலும் தேறாது. ரீஃபண்ட் வட்டி அடுத்த ஏப்ரலில்தான் தொடங்கும். ஆண்டு முழுக்கப் பிடித்த பணத்துக்கு அந்த ஆண்டில் வட்டி இல்லை. மாதம் 5,000-ஐ 6 சதவீதத்தில் போட்டிருந்தாலே ஆண்டு முடிவில் சுமார் 1,950 ரூபாய் சேர்ந்திருக்கும். செலவாகிவிடும் என்ற பயம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குச் சம்பளம் ஏறிய மறுநாளே தானாகப் போகும்படி ரெக்கரிங் டெபாசிட் போடுங்கள். நீண்ட காலத்துக்கு என்றால் பி.எஃப்.-ல் விருப்பச் சந்தா கூட்டலாம். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். அவசரத்துக்கு எடுப்பது எளிதல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை மாறும்போது இன்னொன்று: பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் புது நிறுவனத்துக்குத் தர வேண்டும். நீங்கள் தரவில்லை போலும்; 2,70,000-ஐ மட்டும் பார்த்தால் அவர்கள் பிடிக்க எதுவும் இல்லை. பழைய நிறுவனம் ஆண்டுக்கு 9,60,000 என்று கணக்கிட்டுச் சரியாகப் பிடித்திருந்தால் மாதம் 3,337 வந்திருக்கும். ஒன்பது மாதத்துக்கு 30,033. மீதி 13,127-ஐ நீங்கள் கையிலிருந்து வட்டியோடு கட்டியிருப்பீர்கள்.

அப்பாவின் 14,000. அது 2024-25-ல் பிடித்தது என்றால், தாமத ரிட்டர்னுக்கான 2025 டிசம்பர் 31 போய்விட்டது. 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி முதன்மை ஆணையருக்கு இ-ஃபைலிங் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை இடம் உண்டு. உடல்நலக் குறைவு போன்ற உண்மைக் காரணமும் அதற்கான மருத்துவச் சான்றும் வேண்டும். மறந்துவிட்டேன் என்பது போதாது. அனுமதி கிடைத்தாலும் இந்த ரீஃபண்டுக்கு வட்டி இல்லை.

2025-26-ல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம்; ஆனால் தாண்டினால் முழு வட்டிக்கும் 10 சதவீதம். தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் படிவம் 15எச்-ஐ அந்த ஆண்டுக்கு அவர் கொடுக்கலாம். அறுபது வயதுக்குட்பட்டவரின் 15ஜி-க்கு, வட்டி மொத்தமும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனை இருப்பதால், அவர் கொடுக்கலாம் என்றால் நீங்களும் கொடுக்கலாம் என்று ஆகாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் அந்த ஆண்டு முதல் வங்கி தரும் புதிய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் இருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும், ஆண்டுதோறும், முதல் வட்டி வரவுக்கு முன் கொடுக்க வேண்டும். பிடித்த பிறகு கொடுத்தால் வங்கி திருப்பித் தராது. ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போது அவருடைய பான் எண் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்; அவர் பெயரிலேயே முன்கூட்டிச் சரிபார்த்த வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். உங்கள் கணக்கைக் கொடுத்தால் ரீஃபண்ட் வராது.