20 பேருக்கு வேன் பிடிக்கும் முன் டிரைவர் தூங்கினாரா என்று கேளுங்கள்

திருச்சிப் பக்கத்திலிருந்து 20 பேர் கொல்லிமலை போய்வர வேண்டும், டிரைவரோடு வேன் வாடகைக்கு எடுப்பதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பங்காளி வீடுகளில் குலதெய்வக் கோயில், காதுகுத்து, மலைப் பயணம் எது என்றாலும் வண்டி பேசும் வேலை பல வருடங்களாக என்னிடம்தான் வருகிறது. கொல்லிமலைக்கு மட்டும் நான்கு முறை வேன் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் முறை போனபோது சீட் எப்படி, ஏசி உண்டா, பாட்டு கேட்கலாமா என்றுதான் விசாரித்தேன். விடியற்காலை 4 மணிக்கு வண்டி வந்தது. முசிறி தாண்டும்போது டிரைவர் இரண்டு முறை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டதைப் பெரியப்பா கவனித்துவிட்டார். அவர் முன் சீட்டுக்குப் போய், "தம்பி, ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். வேளாங்கண்ணி டிரிப் முடித்து இரவு 1 மணிக்குத்தான் ஷெட்டுக்கு வந்தாராம். முதலாளி சாவியை மறுபடி கையில் கொடுத்து எங்களிடம் அனுப்பிவிட்டார். தொட்டியத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் அவரைத் தூங்க வைத்தோம். பிள்ளைகள் சிணுங்கினார்கள். போனால் போகிறது என்று இருந்தோம். அன்று அப்படியே மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

அதன்பிறகு வண்டி பேசும்போது என் முதல் கேள்வியே, "எங்களுக்கு வர்ற டிரைவர் முந்தின நாள் எங்க போறாரு?" என்பதுதான். இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் வண்டி எடுப்பதில்லை. முந்தின நாள் மாலையே டிரைவரின் நம்பரை வாங்கி அவரிடமே பேசிவிடுவேன். தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு, நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவருக்கு அது எவ்வளவு கிடைக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். முதலாளி தராத ஓய்வை, வண்டி எடுக்கும் நாமாவது தர வேண்டும்.

கொல்லிமலையை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அந்தப் பாதைதான். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்தால் அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு ஏறி இறங்கிய ஆளா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். சமவெளியில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் மலைப்பழக்கம் வேறு. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகின வாடை வந்தால் கூச்சப்படாமல் சொல்லி, அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதை மட்டும் ஒருக்காலும் அனுமதிக்காதீர்கள். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது நம் ஆள் ஒதுங்கி நிற்கிறாரா என்று பாருங்கள், அவருடைய பக்குவம் அதிலேயே தெரிந்துவிடும்.

காரவள்ளி தாண்டியதும் எங்கள் வண்டியில் பாட்டை நிறுத்திவிடுவோம். மேலிருந்து பஸ் இறங்கினால் அதன் ஹார்ன் டிரைவர் காதில் விழ வேண்டும். இளவட்டங்களுக்கு முதலில் கோபம் வந்தது, இப்போது அவர்களே நிறுத்திவிடுகிறார்கள்.

வண்டி என்று பார்த்தால், 20 பேருக்கு 21 சீட் வேன் போதும். டெம்போ டிராவலரில் 26 சீட் வரை கிடைக்கும், இடமும் தாராளம். ஆனால் மலைக்கு நான் நீளமான வண்டியை எடுக்க மாட்டேன். வளைவில் ஒரே சுற்றில் திரும்பாமல் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருந்தால் உள்ளே இருக்கும் பெரியவர்கள் பயந்துபோகிறார்கள். பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டலும் அதிகம். இரண்டு சிறிய வேன்கள் கொஞ்சம் கூடுதல் செலவுதான், என்றாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். மலை ஏறும்போது பெரும்பாலும் ஏசியை அணைத்துவிடுவார்கள். எஞ்சினுக்குச் சுமை குறைய வேண்டும் என்பதற்காகச் செய்வது, அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

நம்பர் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி. குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்று அதை எடுத்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கைகொடுக்காது. ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதும் ஆபத்து. எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகள் தெரியும். இரண்டு நிமிட வேலை. இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன்: நம் கிராமங்களில் இன்னமும் காதுகுத்துக்கும் கெடாவெட்டுக்கும் சரக்கு ஆட்டோவில், டாடா ஏஸில் பெண்களையும் குழந்தைகளையும் நிற்க வைத்துக் கூட்டிப்போகிறோம். அது சரக்கு ஏற்றும் வண்டி. சில ஆயிரம் மிச்சத்துக்காக அதில் யாரையும் ஏற்றாதீர்கள்.

அடுத்து கணக்கு. இரண்டு விதமாகப் பேசுவார்கள். நாள் வாடகை பேசி டீசல் நாம் போடுவது ஒன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளுக்குக் குறைந்தது 300 கி.மீ. என்பது மற்றொன்று. எங்கள் கடைசிப் பயணம் இரண்டு நாள், உள்ளூர்ச் சுற்றலும் சேர்த்து ஏறக்குறைய 400 கி.மீ. கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்றார்கள். ஓடியது 400 ஆனாலும் 600-க்குக் கணக்கிட்டு 14,400 கொடுக்க வேண்டியிருக்கும். நாள் வாடகை 4,500 வீதம் 9,000, டீசல் 50 லிட்டர் 4,600, ஆக 13,600-ல் முடிந்தது. தூரம் குறைவு, நாள் அதிகம் என்றால் நாள் வாடகைதான் கட்டுப்படியாகும். ஒரே நாளில் நெடுந்தூரம் என்றால் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் கணக்கானாலும் பேட்டா (டிரைவரின் படி), டோல், பார்க்கிங் தனி. ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 முதல் 12 வரை. இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் முழு நாள் வாடகை விழும். கிலோமீட்டர் கணக்கு, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை. ஏறும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பேசியதை எல்லாம் வாட்ஸப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

டிரைவருக்குப் படுக்க இடம் போட்டீர்களா? முதல் பயணத்தில் எங்களுக்கு மட்டும் அறை எடுத்தோம். மலைக் குளிரில் அவர் வண்டிக்குள்ளேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். காலையில் அத்தை அதைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். இப்போதெல்லாம் மலைமேல் செம்மேட்டில் அறை பேசும்போதே டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துத்தான் பேசுவேன். சாப்பாடும் எங்களோடு ஒரே பந்தியில்தான். பேட்டாவை முதலாளி கணக்கில் சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுப்பேன்.

வண்டியில் வயிறு கலங்குகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும். மலை ஏறும் முன் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பூரி கிழங்கு வேண்டாம். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், நாலைந்து காகிதப் பைகள் கைவசம் இருக்கட்டும்.

மேலே போனதும் அறப்பளீஸ்வரர் கோயிலை முதலில் வையுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு அங்கிருந்துதான் படி இறங்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பாடு. முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலிலேயே இருக்கட்டும். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். டிரைவரை அதற்கு வைக்காதீர்கள், அவர் தூங்க வேண்டிய நேரம் அது. எட்டுக்கை அம்மன் கோயில், மாசிலா அருவி, சீக்குப்பாறைக் காட்சிமுனை எல்லாம் மறுநாளுக்கு. திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் அன்னாசியும் வாங்கலாம். பலாப்பழத்தை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள், இறங்கும் வளைவுகளில் அந்த வாசமே பாதிப் பேருக்குப் போதும்.

ஆடிப்பெருக்கை ஒட்டி, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி பெயரில் விழா நடக்கும். மலை நிறைய கூட்டம். முதல் முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இறங்குவதை வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்குச் சோளக்காட்டை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் காரவள்ளி. அங்கே எல்லாரும் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, டிரைவருக்கு அரை மணி கொடுத்து, அப்புறம் வண்டியை எடுங்கள்.