அணியை அணியாக்கும் உருமாற்றம்: நார்ம் எவ்வளவு?

கேள்வி: ஒரு 4×4 அணியின் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டி, அந்தத் தொகையை இடது மேல் மூலையில் மட்டும் வைத்து, மற்ற இடங்களைப் பூஜ்யமாக்கும் நேரியல் உருமாற்றம். இதை 16×16 அணியாக எழுதி நம்பையில் (NumPy, பைத்தானின் கணக்கீட்டு நூலகம்) 2-நார்ம் கேட்டால் 2 வருகிறது. பாடக்குறிப்பில் 4 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், அளந்த கோல்தான் வேறு. உருமாற்றத்தின் நார்ம் என்பது, வெளிவரும் அணியின் அளவு உள்ளே போட்டதைவிட அதிகபட்சம் எத்தனை மடங்கு ஆகும் என்பது. 16×16 அணியின் மிகப் பெரிய சிங்குலர் மதிப்பு, அதாவது நம்பை தந்த 2, அந்த அளவை ஃப்ரோபீனியஸ் நார்மில் (உறுப்புகளின் வர்க்கத் தொகையின் வர்க்கமூலம்) அளந்த விடை. பாடக்குறிப்பு சொல்வது ஸ்பெக்ட்ரல் நார்மில் (ஓர் அணி ஒரு வெக்டரை அதிகபட்சம் நீட்டும் மடங்கு) அளந்தது. அலகு அணியைப் போட்டுப் பாருங்கள். மூலையில் விழுவது 4. அலகு அணியின் ஸ்பெக்ட்ரல் நார்ம் 1, ஃப்ரோபீனியஸ் நார்ம் 2. விகிதம் முறையே 4, 2. எதிர்ப்பக்கமும் நடக்கும்: மூலை உறுப்பால் அலகு அணியைப் பெருக்கித் தரும் உருமாற்றத்துக்கு ஃப்ரோபீனியஸ் விடை 2, ஸ்பெக்ட்ரல் விடை 1.

ஸ்பெக்ட்ரல் விடைதான் வேண்டுமென்றால், முதலில் உருமாற்றம் நேர்மமா என்று பாருங்கள். அதாவது, ஐகன் மதிப்பு எதுவும் குறையெண்ணாக இல்லாத ஹெர்மீஷியன் அணியைக் கொடுத்தால் அதே வகை அணிதான் திரும்ப வர வேண்டும். அப்படியானால் ரூஸோ–டை தேற்றப்படி (1966) அலகு அணியைப் போட்டு வரும் விடையின் நார்மே போதும். உங்களுடையது அந்த ரகம்.

நேர்மம் இல்லையென்றால் தேட வேண்டியதுதான். சும்மா ராண்டம் அணிகளை நார்மால் வகுத்துப் போட்டால் விடை குறைவாகவே வரும், ஏனெனில் உச்சம் யூனிட்டரி அணிகளில் (எந்த வெக்டரின் நீளத்தையும் மாற்றாதவை) கிடைக்கிறது. ஒரு யூனிட்டரியில் தொடங்குங்கள். வெளிவரும் அணியின் மிகப் பெரிய சிங்குலர் மதிப்புக்குரிய இடது, வலது வெக்டர்களால் தரம் 1 உள்ள அணி அமைத்து, அதை 16×16 அணியின் இணையிய இடமாற்றால் (conjugate transpose) பின்னோக்கி அனுப்புங்கள். வருவதை எஸ்.வி.டி. (யூனிட்டரி, சிங்குலர் மதிப்புகள், யூனிட்டரி என மூன்றாகப் பிரிப்பது) செய்து, நடுவிலுள்ள சிங்குலர் மதிப்புகளை விட்டுவிட்டு இருபுறத்தையும் பெருக்கினால் அடுத்த யூனிட்டரி தயார். மதிப்பு ஒருபோதும் இறங்காது. ஆனால் உள்ளூர் உச்சத்தில் மாட்டிக்கொள்ளும், ஆகவே வேறு வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். கிடைப்பது கீழ்வரம்புதான். நம்பையின் எஸ்.வி.டி. மூன்றாவதாகத் தருவது ஏற்கெனவே இணையிய இடமாற்று செய்த அணி. மறுபடி திருப்பினால் எல்லாம் கெடும்.

கேள்வி: நிரை நிரல் மாற்று நார்மை மாற்றுவதே இல்லை. பிறகு ஏன் அதன் முழு வரம்பு நார்ம் (completely bounded norm: பெரிய அணியைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் உருமாற்றத்தைச் செய்யும்போது கிடைக்கும் உச்ச ஸ்பெக்ட்ரல் நார்ம்) 1 ஆகாமல், அணியின் வரிசைக்குச் (n×n என்றால் n) சமம் என்கிறார்கள்?

பதில்: தொகுதிகளாகப் பிரித்துப் போடும்போதுதான் குட்டு உடைகிறது. இந்த 4×4 அணியைப் பாருங்கள்:

1 0 0 0
0 0 1 0
0 1 0 0
0 0 0 1

அலகு அணியின் நடு இரு நிரைகளை இடம் மாற்றியது, அவ்வளவுதான். யூனிட்டரி, நார்ம் 1. இப்போது நான்கு 2×2 தொகுதிகளையும் இருந்த இடத்திலேயே வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நிரை நிரல் மாற்று செய்யுங்கள்:

1 0 0 1
0 0 0 0
0 0 0 0
1 0 0 1

(1, 0, 0, 1) வெக்டரைப் பெருக்கினால் அதன் இரு மடங்கு வரும், ஆக நார்ம் 2, அதாவது 2×2 தொகுதியின் வரிசை. தொகுதிகளை இடம் மாற்றிவிட்டு உள்ளேயும் மாற்றினால் அது மொத்த அணியின் நிரை நிரல் மாற்று ஆகிவிடும், நார்ம் 1-லேயே நிற்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

எத்தனை தொகுதி வரை பார்க்க வேண்டும் என்ற கவலை வேண்டாம். வெளிவரும் அணி 2×2 என்றால், 2×2 தொகுதி அமைப்போடு உச்சம் வந்துவிடும் என்று ஸ்மித் 1983-இல் நிறுவினார். கணினியில் இந்த நார்மைக் கணக்கிடுவது ஸ்பெக்ட்ரல் நார்மைவிடச் சுலபம் என்பதுதான் வேடிக்கை: இதை செமிடெஃபினிட் புரோகிராமாக (குவிவு உகப்பாக்கக் கணக்கின் ஒரு வகை) எழுதலாம், உள்ளூர் உச்சத் தொல்லை கிடையாது.