யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு ‘பேட் கம்பெனி’ (1972) பார்த்தேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகனும் கூடவே உட்கார்ந்தான். 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஒஹையோவிலிருந்து தப்பி ஓடுகிற டிரூ என்ற நல்ல வீட்டுப் பையன், ஜேக் என்பவனின் திருட்டுக் கூட்டத்தில் சேர்ந்து மேற்கே போகிறான். பாதிப் படம்வரை சிரித்துக்கொண்டே பார்த்தோம். குட்டிப் பையன் பூக் சுடப்பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சிரிக்க வைத்துவிட்டு இப்படிக் குழந்தையைக் கொன்று காட்டுவது பார்வையாளனை ஏமாற்றுவது அல்லவா? ஒழுக்கமாக வளர்ந்த டிரூ கடைசியில் துப்பாக்கியோடு கொள்ளையடிக்கப் போவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. திடீரென்று ஒருவன் அப்படி மாறுவானா? என் மகன் எதுவும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், “அந்தப் பையனுக்கு எத்தனை வயசுப்பா இருக்கும்?” என்று கேட்டான்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

இந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை எனக்கும் உங்களுக்கு வந்த அதே கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டிரூவிடமிருந்து தொடங்குவோம். அவன் திடீரென்று மாறவில்லை. கூட்டத்தில் சேர வேண்டுமானால் ஒரு கடையில் திருடிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அவன் மறைவாகப் போய், பூட்ஸுக்குள் ஒளித்துவைத்திருந்த சொந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்துவந்து, கடையில் அடித்த பணம் என்று நீட்டுகிறான். அந்த இடத்தை மறுபடி பாருங்கள். கைக்காசைக் கொடுத்துத் திருடன் என்ற பெயரை வாங்குகிறான். திருடவில்லை, அதனால் நான் யோக்கியன் என்று மனத்துக்குள் கணக்கும் போட்டுக்கொள்கிறான். பிறகு அந்தப் பயல்களோடு ஒரே நெருப்பில் குளிர் காய்கிறான், அவர்கள் திருடிவந்ததைத் தின்கிறான், பூட்ஸில் இருக்கும் பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அவன் ஒழுக்கம் அந்த பூட்ஸ் அளவுக்குத்தான். நீங்கள் டிரூவைப் பற்றி நம்பியது, டிரூ தன்னைப் பற்றி நம்பியதையே. இயக்குநர் ராபர்ட் பென்டன் உங்களையும் அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

அந்தப் பணத்துக்குப் பின்னால் வரலாறு ஒன்று இருக்கிறது. 1863 மார்ச்சில் வடக்கு மாநிலங்களின் அரசு கொண்டுவந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 20 முதல் 45 வயதுவரை உள்ள ஆண்களைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 300 டாலர் கட்டினால் விலக்கு உண்டு. அல்லது தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்பலாம். அந்த 300 டாலர் அன்றைய கூலிக்காரர் ஒருவரின் ஏறக்குறைய ஒரு வருட வருமானம். ‘பணக்காரன் போர், ஏழையின் சண்டை’ என்று மக்கள் குமுறினார்கள். அந்த ஜூலையில் நியூயார்க் நகரம் நாலு நாள் கலவரத்தில் எரிந்தது. அந்த ஆத்திரம் ஒரு பாவமும் அறியாத கறுப்பின மக்கள் மேல் திரும்பியது. அவர்களுடைய அநாதைக் குழந்தைகள் இருந்த இல்லத்தையே கொளுத்தினார்கள்.

டிரூவின் பெற்றோர் ஏற்கெனவே ஒரு மகனைப் போரில் இழந்தவர்கள். இன்னொருவனையும் கொடுக்க மனமில்லாமல், கையில் பணமும் தங்கக் கடிகாரமும் கொடுத்துத் தாங்களே ஓடச் சொல்லி அனுப்புகிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே, பெண் உடை போட்டு ஒளிந்திருந்த ஒரு பையனை ராணுவத்தார் வீட்டிலிருந்து தரதரவென்று இழுத்துப் போவதைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் வந்த 1972இல் வியட்நாம் போருக்கான ஆள்சேர்ப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. பயந்து கனடாவுக்குப் போன பிள்ளைகளின் வீட்டார் தியேட்டரில் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி பூக். நீங்கள் சிரித்தது தப்பில்லை, சிரிக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். முயல் காட்சி நினைவிருக்கிறதா? கூட்டமே பட்டினி. முயல் கிடைத்துவிட்டது, ஆனால் ஒருவனுக்கும் அதை உரித்துச் சுத்தம் செய்யத் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் போல ஜேக் கத்தியை எடுக்கிறான். ஜேக்காக நடிக்கும் ஜெஃப் பிரிட்ஜஸ் அந்த இடத்தில் செய்வதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். வாய் அளந்துகொண்டே இருக்கிறது, முகமோ குமட்டலை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் சுற்றி நின்று முகம் சுளிக்கிறார்கள். தலைவன் என்று அவர்கள் நம்பி வந்தவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது அங்கே அம்பலமாகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கக்கூட ஒரு பெரியவர் இருந்ததில்லை. அதே பசிதான் பூக்கையும் பண்ணை வீட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோகிறது. ‘பை’ என்று அவர்கள் சொல்லும் பழப் பலகாரம் ஒன்றை ஜன்னல் திட்டில் ஆற வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு ஓடுகிறான், ஓடும்போதே வாயில் அடைத்துக்கொள்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது. சிரிப்பும் சாவும் இரண்டு தனிப் படங்கள் அல்ல. ஒரே பட்டினிதான் இரண்டையும் செய்கிறது. அதனால் அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

படம் முழுக்க வருகிற பெரியவர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மேற்கே போய் விவசாயத்தில் நொடித்து, வண்டி கட்டிக் கிழக்கே திரும்புகிற ஒருவன், இந்தப் பொடியன்களிடம் தன் மனைவியையே விலை பேசுகிறான். (பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று அரசு சட்டம் போட்டது 1862இல். அதை நம்பிப் போய்த் தோற்றவர்கள் ஏராளம்.) பெரிய ஜோ என்ற கொள்ளைக்காரன் இவர்களிடம் இருப்பதையும் பிடுங்குகிறான். குதிரையைத் திருடிக்கொண்டு கூட்டத்தை விட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி இருவரும் மரத்தில் தொங்கவிடப்படுகிறார்கள். “நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா, சாப்பிட்டியா?” என்று நம்மூரில் ஒரு கிழவி கேட்பாளே, அப்படிக் கேட்க அந்த வெளியில் ஆளே இல்லை. தொடக்கத்தில் செயிண்ட் ஜோசப் நகரில் ஒரு போதகரின் மனைவி டிரூவை வீட்டுக்குள் அழைக்கிறாள். அவள் கைப்பையைப் பறித்தவனே ஜேக்தான். இரண்டு பேரும் அந்த வீட்டு வரவேற்பறையிலேயே கட்டிப் புரண்டு சாமான்களை உடைக்கிறார்கள். கிடைத்த ஒரே வீடும் அப்படிப் போகிறது.

செயிண்ட் ஜோசப்பைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. கிழக்கிலிருந்து வந்த ரயில் அன்று ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. மேற்கே போகிறவர்கள் அங்கே இறங்கித்தான் வண்டி கட்டினார்கள். அந்த ஊர் இருக்கும் மிசௌரி மாநிலமே அப்போது கெரில்லாச் சண்டையில் சிதறிக் கிடந்தது. பின்னால் பேர்போன கொள்ளைக்காரனான ஜெஸ்ஸி ஜேம்ஸ் அந்தக் கெரில்லாக்களோடு சேர்ந்தபோது வயது 16. போர் முடிந்த மறு வருடம், 1866 பிப்ரவரியில், அதே மாநிலத்தின் லிபர்ட்டி ஊரில் பட்டப்பகலில் ஒரு கும்பல் வங்கியைக் கொள்ளையடித்தது. சந்தேகம் விழுந்தது பழைய கெரில்லாக்கள் மேல். தெருவில் நின்ற ஒரு கல்லூரி மாணவன் குண்டடிபட்டுச் செத்தான். சட்டத்துக்கு வெளியே போன அந்தத் தலைமுறையில் பலர் மீசை முளைக்கும் முன்பே துப்பாக்கி பிடித்தவர்கள்.

ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். அதே வருடம் ‘காட்ஃபாதர்’ படத்தையும் எடுத்தவர். இதில் காய்ந்த புல்லும் சாம்பல் வானமும்தான். வீர வெஸ்டர்ன் படங்களின் பொன் வெயிலை எங்கும் காணோம். இசைக்குப் பெரும்பாலும் ஒரு பியானோதான், அதுவும் பழைய வீட்டுக் கூடத்தில் யாரோ வாசிப்பது போல. வீட்டை விட்டு வந்த பிள்ளைகளின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அந்த முடிவு. டிரூ தூக்கிலிருந்து ஜேக்கைக் காப்பாற்றிவிட்டான். திரும்பிப் போனால் ராணுவம் பிடிக்கும். பணம் போய்விட்டது. அவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க உலகத்தில் இருப்பது ஜேக் ஒருவன்தான். அவனும் இவனை ஏமாற்றியவன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து கொள்ளையடிக்க உள்ளே போய், கையைத் தூக்கச் சொல்லும் இடத்தில் படம் உறைந்துவிடுகிறது. அந்தக் கடைசி நொடியில் டிரூவாக நடித்த பேரி பிரவுனின் முகத்தைப் பாருங்கள். ஒஹையோவில் அம்மா அப்பாவிடம் விடைபெற்றபோது இருந்த அதே பணிவான முகம்தான்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள், பூக்குக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்காது.

அன்புடன்.