"இனிமே அது எதுக்கு உனக்கு?"

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 46. கொளத்தூரில் இருக்கிறேன். போன மாதம் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டு, பயாப்ஸி எடுத்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அக்குளில் நெறி எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை. "கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம், இல்லையென்றால் முழு மார்பையும் எடுக்கலாம், நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோரும் முழுசாக எடுத்துவிடச் சொல்கிறார்கள். என் பெரியம்மா இதே நோயில்தான் போனார், அந்தப் பயம் அவர்களுக்கு. நாத்தனார், "பிள்ளையைப் பெத்து வளர்த்தாச்சு, இனிமே அது எதுக்கு உனக்கு?" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. உயிரைவிட அழகு பெரிசா என்று கேட்பார்களே! நான் சுயநலமாக யோசிக்கிறேனா? ப்ளஸ் டூ படிக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

சுயநலம் இல்லவே இல்லை. உங்கள் உடம்பில் ஒரு பாகம் இருக்கட்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையையோ காலையோ பார்த்து "இனிமே எதுக்கு" என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு முழுவதும் எடுத்திருக்கிறது. ஒரே மார்பில் தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் கட்டி இருந்தது, அதனால் வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் பேச்சு எப்படிப் போகிறது என்று பாருங்கள்: முழுசாக எடுத்தால் உயிர், கொஞ்சமாக எடுத்தால் அழகு. இந்தக் கணக்கே தப்பு.

அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் 1976இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1,851 பெண்கள். சிலருக்கு முழு மார்பையும் எடுத்தார்கள், சிலருக்குக் கட்டியை மட்டும், சிலருக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் வித்தியாசம் இல்லை. மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் செய்த ஆய்வும் அதே வருடம் அதையேதான் சொன்னது.

அது எப்படி என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். துணியில் எண்ணெய்க் கறை பரவுகிற மாதிரி புற்றுநோய் ஓரம் ஓரமாகப் பரவுகிறது என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர்கள் நம்பினார்கள். அதனால் மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து வெட்டினார்கள். ஃபிஷர் சொன்னது வேறு: ஆரம்பத்திலேயே சில செல்கள் ரத்தம் வழியாக வெளியே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் மார்பில் எவ்வளவு வெட்டினாலும் அவற்றைத் தொட முடியாது. கீமோவும் ஹார்மோன் மாத்திரையும், ஹெர்2 பாசிட்டிவ் (அந்தப் புரதம் கட்டியில் அதிகம்) என்றால் அதற்கான ஊசியும் அதற்காகத்தான். "முழுசா எடுத்துட்டா கீமோ தேவைப்படாதாம்" என்று ஓபி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கீமோ வேண்டுமா இல்லையா என்பதை கட்டி எந்த வகை என்று சொல்லும் உங்கள் ஐஎச்சி ரிப்போர்ட்டும், கட்டியின் அளவும், நெறியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நெறியில் இறங்கியிருந்தால் முழுசாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. மார்பே இல்லாத இடத்தில், தையல் போட்ட தோலில் திரும்ப வருவதும் உண்டு.

ஆனால் கட்டியை மட்டும் எடுப்பதென்றால் கதிர்வீச்சை விடக்கூடாது. ஃபிஷரின் ஆய்வில், கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, எடுத்துக்கொண்டவர்களில் 14. இன்றைய மருந்துகளோடு அது இன்னும் குறைவு. பெரும்பாலும் மூன்று வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. மெஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிடம்தான், போய் வருவதில்தான் பகல் போய்விடும். கொளத்தூரிலிருந்து தினமும் யார் கூட வருவார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள். இன்னொன்று, எடுத்த கட்டியின் ஓரத்தில் புற்று செல் இருக்கிறது என்று பயாப்ஸியில் வந்தால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

முழுசாக எடுப்பது பெரிய கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கசியும் நீர் வெளியேற, தோலுக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வரும், நுனியில் கைக்குள் அடங்குகிற ஒரு பல்பு. காலையில் அதை அளவுக் கோப்பையில் பிழிந்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுத வேண்டும். நான் அதை நைட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடினேன். அளவு குறைந்ததும் உருவிவிடுவார்கள். பிறகு சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்திக் கையைத் தூக்கப் பழக வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார் என் கணவர். நெஞ்சின் அந்தப் பக்கம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. மயிலாப்பூரில் ஓர் அம்மா செயற்கை மார்பு வைக்க உள்ளே பை வைத்து ரவிக்கை தைத்துத் தருகிறார், வெளியே தெரியாது. ஒவ்வொரு மேமோகிராமுக்கும் நெஞ்சு படபடக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் முடிவு அவர்களுக்குச் சரி. நாத்தனார் சொன்னார் என்பதற்காக நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் நாத்தனாரை நான் திட்டவும் மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அப்போதெல்லாம், ஏன் உங்கள் பெரியம்மா காலத்திலும், பெண்கள் வெட்கப்பட்டு மறைத்து, புண்ணாகி, வாடை வந்த பிறகு வந்தார்கள். முழுசாக எடுப்பதைவிட வேறென்ன செய்ய முடியும்? அதைப் பார்த்த கண்கள் இன்றைக்கும் அதையேதான் சொல்லும்.

பெரியம்மா விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் ஐம்பதுக்குள், ரத்த உறவில் ஒருவருக்கு வந்திருக்கிறது. பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் அடுத்த மார்பிலும் சினைப்பையிலும் வரும் வாய்ப்பு அதிகம். முழுசாக எடுப்பதற்கு அப்போது நியாயமான காரணம் உண்டு. அது இல்லாத பட்சத்தில் பயத்துக்காக நல்ல மார்பையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று பதறாதீர்கள். நாளைக்கே ஆபரேஷன் என்று ஓட வேண்டிய நோய் அல்ல இது. ஓரிரு வாரம் யோசிக்கலாம். பயாப்ஸியில் எடுத்த சதையின் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். முதல் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அடுத்த முறை போகும்போது கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். உள்ளே கூட்டிப் போங்கள். "ரெண்டுல எதைச் செஞ்சா இவ அதிக நாள் இருப்பா டாக்டர்?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பதில் அவர் காதில் நேராக விழட்டும். வீட்டில் நீங்கள் பத்துத் தடவை சொல்வதைவிட அது எடுபடும்.

மகளிடம் சொல்லிவிடுங்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். சொல்லாமல் விட்டால் அவள் நினைப்பது நடப்பதைவிட மோசமாக இருக்கும். கீமோ உண்டா, எப்போது என்று தெரிந்ததும் அவளுடைய பரீட்சை அட்டவணையைப் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போடுங்கள். ஐஎச்சி ரிப்போர்ட் வந்த பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.