நிலையான கிளையை எப்போது பிரிப்பது?

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறோம். புதிய வசதிகளைத் தனிச் சோதனைக் கிளையில் (நிரலைத் தனியாக வளர்க்கும் பாதையில்) எழுதி, ஓராண்டு கழித்துப் பயனர்களுக்குப் போகும் நிலையான கிளையோடு இணைக்கலாம் என்றிருக்கிறோம். சரிப்படுமா?

பதில்: ஓராண்டு ரொம்பவே அதிகம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலே இந்த வழியில் திணறியிருக்கிறது. அப்போது பதிப்பின் இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் நிலையான தொடர், ஒற்றைப்படை என்றால் சோதனைத் தொடர். 2.4 வந்தது 2001 ஜனவரியில். 2.5இல் நடந்த வேலையெல்லாம் 2.6ஆக வெளிவர 2003 டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை பொறுக்க முடியாத, லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் விநியோகத்தார் 2.5இன் வசதிகளைப் பிய்த்தெடுத்துத் தங்கள் 2.4இல் ஒட்டிக்கொண்டார்கள். பெயர்தான் 2.4, உள்ளே ஆளுக்கொரு கர்னல்! 2.6க்குப் பிறகு அந்த முறையையே கைவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வாரம் மட்டும் புதியவற்றைச் சேர்க்கிறார்கள். அதன்பின் வெளியீடு வரை வழுத்திருத்தம்தான். 9, 10 வாரத்துக்கு ஒரு பதிப்பு வந்துவிடுகிறது.

நீங்களும் மெயின் (முதன்மை) கிளையிலேயே எழுதுங்கள். அது எந்த நாளிலும் பில்ட் ஆக (இயங்கும் நிரலாகத் தொகுக்க வர) வேண்டும். அரைகுறையாக நிற்கும் வசதியை ஒரு அமைப்பு விருப்பத்துக்குள் வைத்து, இயல்பில் அணைத்துவிடுங்கள். வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போது மெயினிலிருந்து நிலையான கிளையைப் பிரித்தால் போதும். பிரித்த பிறகு அதில் புது வசதி கூடாது. திரையில் தெரியும் வாசகங்களையும் தொடாதீர்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த வரிக்கு முடித்துவைத்த மொழிபெயர்ப்புகள் எல்லா மொழியிலும் கழன்றுவிடும்.

கேள்வி: வழுவை முதலில் எந்தக் கிளையில் திருத்துவது?

பதில்: மெயினில். அவசரத்துக்கு நிலையான கிளையில் மட்டும் திருத்தினால், 1.2.3இல் ஒழிந்த வழு 1.3இல் திரும்ப வந்து நிற்கும். மெயினில் திருத்தி, அதற்கொரு சோதனையும் எழுதி, பிறகு அந்த ஒரு கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் செர்ரி-பிக் செய்யுங்கள், அதாவது நிலையான கிளைக்கு நகலெடுங்கள். அப்போது கிட் கட்டளையில் மைனஸ் எக்ஸ் (-x) சேர்த்துக் கொடுத்தால் மூலக் கமிட்டின் அடையாளம் குறிப்பிலேயே பதிவாகும். எது போய்ச் சேர்ந்தது, எது விட்டுப்போனது என்று பின்னால் தேட அதுதான் உதவும். மெயினை மொத்தமாக நிலையான கிளைக்குள் மெர்ஜ் செய்யவே கூடாது, வேண்டாததெல்லாம் கூடவே வந்துவிடும்.

மோதல் இல்லாமல் பேட்ச் (திருத்தத் துண்டு) ஒட்டிக்கொண்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அது அழைக்கும் ஃபங்ஷன் பழைய கிளையில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். எனவே நிலையான கிளையிலும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். கர்னலின் நிலையான கிளைக்குப் போகும் பேட்ச், மாற்றத்தைச் சூழ்ந்து காட்டப்படும் சுற்றுவரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் இருக்க வேண்டும், மெயினில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. சின்னக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தும். வழு இருக்கும் நிரல்பகுதியே மெயினில் நீக்கப்பட்டிருந்தால் மட்டும் நேரடியாகத் திருத்தலாம். காரணத்தைக் கமிட் குறிப்பில் எழுதிவையுங்கள்.

கேள்வி: எத்தனை பழைய கிளைகளை வைத்திருப்பது?

பதில்: நான்கு பேருக்கு ஒன்று போதும். புதிய பதிப்பு வந்தபின் பழையதற்கு மூன்று மாதம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுத்து மூடுங்கள். அந்தத் தேதியை வெளியீட்டு அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். கிளைக்கு ‘ஸ்டேபிள்’ என்று பெயர் வைக்காமல் ‘1.4’ என்று எண்ணையே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பு வந்ததும், அந்தப் பெயரை நம்பியிருக்கும் பில்ட் ஸ்கிரிப்டுகள் சொல்லாமலே வேறு பதிப்புக்குத் தாவிவிடும்.