குட்டி மீனை வாங்காதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மே மாதம் வீட்டு வாசலில் மீன் விற்பவர், "இன்று விடியற்காலை காசிமேட்டில் இறங்கிய வஞ்சிரம்" என்று சொல்லித் துண்டுகளாகத் தந்தார். விலை வழக்கத்தைவிட மிக அதிகம். குழம்பில் போட்டதும் உதிர்ந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
- வாசகி, கே.கே. நகர், சென்னை

பதில்: பெரும்பாலும் ஏமாந்திருக்கிறீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்கான தடை அது. 2017-க்கு முன்பு 45 நாள்களாக இருந்தது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகலாம் என்பதால் கொஞ்சம் வஞ்சிரம் கரைக்கு வரத்தான் செய்யும். ஆனால் மே மாதம் சென்னைக்குள் வரும் பெரிய மீன்களில் ஒரு பங்கு மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வருவது. அங்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது.

லாரியில் வந்ததாலேயே மீன் கெட்டுவிடாது. ஒழுங்காக ஐஸ் போட்டிருந்தால் நல்ல மீன்தான். மங்களூரு மீனைக் காசிமேட்டு மீன் என்று பொய் சொல்லி விலை ஏற்றுவதுதான் தவறு. இனி துண்டாக வாங்காதீர்கள். முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பேறியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டுவது உங்கள் கண்ணெதிரில் நடக்கட்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் நெத்திலியும் கிழங்கானும் வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. அந்தப் பணம் சிறு மீனவர் கைக்குப் போகும்.

கேள்வி: கடல்குதிரையைக் காயவைத்துப் பொடித்துச் சாப்பிட்டால் ஆஸ்துமா தீரும் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடாது. கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. வைத்திருந்தாலே சிறைக்குப் போக நேரும். மூச்சுத் திணறலுக்கு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு கிலோ என்று அச்சிட்ட உறைந்த இறால் பாக்கெட் வாங்கினேன். பனி உருகியதும் நிறுத்துப் பார்த்தால் முக்கால் கிலோகூட இல்லை. கடைக்காரர், "எல்லா பாக்கெட்டும் இப்படித்தான்" என்கிறார்.
- வாசகர், கோவை

பதில்: எல்லா பாக்கெட்டும் இப்படித்தான் என்றால் எல்லோரையும் ஏமாற்றுகிறார் என்றுதான் பொருள். இறால் காய்ந்துபோகாமல் இருக்க அதன் மேல் மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது முறையான வழக்கம். ஆனால் அட்டையில் போடும் நிகர எடை அந்தப் பனி நீங்கலாகத்தான் இருக்க வேண்டும். கால் கிலோ தண்ணீரை இறால் விலைக்கு விற்பது திருட்டு. விருந்தினர் வரும் நாளில் நானும் இதேபோல ஒரு பாக்கெட்டை வாங்கி வந்து உருகவைத்தேன். சட்டியில் பாதி தண்ணீர். எஞ்சிய இறாலும் ரசாயன நீரில் ஊறி உப்பியிருந்தது. வதக்கியதும் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பாக்கெட்டைத் தராசில் வைத்து ஒரு படம், பனி வடித்த இறாலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லும் உறையும் பத்திரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவு அதிகாரிக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: செயலி வழியாக வாங்கிய நண்டு நாறியது. பணம் கையில் கொடுத்தேன், பில் கேட்கவில்லை. உறையையும் நண்டையும் அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். வழக்குப் போட முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: எதை வைத்துப் போடுவீர்கள்? பில் இல்லை, படம் இல்லை, நண்டும் இல்லை. பில் கேளுங்கள் என்று இந்தப் பகுதியில் எழுதி எழுதி அலுத்துவிட்டது. செயலியில் உங்கள் ஆர்டர் விவரம் இன்னும் இருந்தால் அதைச் சேமித்துக்கொண்டு இன்றே நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். அதற்கு மேல் நம்பிக்கை தர என்னால் முடியாது.

கேள்வி: சந்தையில் குட்டி வஞ்சிரம், குட்டிச் சங்கரா எல்லாம் கூறு போட்டு மலிவாக விற்கிறார்கள். முள் மெல்லியது, சுவையும் நன்றாக இருக்கிறது. "வாங்காதே" என்று என் மகள் சண்டை போடுகிறாள். மலிவாகக் கிடைப்பதை வாங்குவதில் என்ன தவறு?
- வாசகர், கடலூர்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

சிறிய மீன் வேறு, குட்டி மீன் வேறு. நெத்திலி, காரப்பொடி, மத்தி எல்லாம் வளர்ந்தாலும் சிறியவைதான். வேகமாகப் பெருகும், விலையும் மலிவு, சத்தும் அதிகம். தாராளமாக வாங்குங்கள். வஞ்சிரம் அப்படியல்ல. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் முதன்முறை முட்டையிடும். நீங்கள் கூறில் வாங்குவது முழங்கை நீளம்கூட இல்லாதது. ஒரு முறைகூட முட்டையிடாமல் உங்கள் சட்டிக்கு வந்துவிட்டது.

இழுவைமடி (கடலடியை வாரி இழுத்துவரும் வலை) போட்ட படகு கரைக்கு வந்ததும் மீன் பிரிக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். இறாலும் கணவாயும் பெரிய மீனும் தனித்தனிக் கூடைக்குப் போன பிறகு தரையில் ஒரு குவியல் எஞ்சும். விரல் நீளக் கிழங்கான், ரூபாய் நாணய அளவு நண்டு, கண் மட்டும் பெரிதாகத் தெரியும் சங்கராக் குஞ்சு, நசுங்கிய கணவாய்க் குட்டி எல்லாம் மண்ணோடு கலந்து கிடக்கும். ராமேசுவரம் பக்கம் இதற்குச் சங்காயம் என்று பெயர். மண்வெட்டியால் அள்ளிக் காயப்போட்டு, கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் அனுப்புகிறார்கள். விட்டுவைத்திருந்தால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பல மடங்கு எடையும் பல மடங்கு விலையும் பெற்றிருக்கும் மீன் அது. நாளைய மீனவனின் வருமானத்தை இன்றைக்கே தூளாக்கி மூட்டை கட்டுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1983 முதல் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் இருக்கிறது. இழுவைமடியில் மீன் சேரும் கடைசிப் பகுதியின் கண்ணி (வலைத்துளை) அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. ஆனாலும் கண்ணி சிறுத்த மடிகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கேரளம் 2015-இல் ஒவ்வொரு மீனுக்கும் குறைந்தபட்ச நீளம் இவ்வளவு என்று அறிவிக்கத் தொடங்கியது. அதற்குள் அங்கே பெரிய அடி விழத் தொடங்கியிருந்தது. 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்த மாநிலத்துக்கு 2021-இல் கிடைத்தது 3,297 டன் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. கடலின் தட்பவெப்ப மாற்றம் முக்கியக் காரணம் என்கிறார்கள். குஞ்சும் குட்டியுமாக அள்ளியது அந்த அடியைத் தாங்க முடியாததாக ஆக்கியது.

மீனவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டீசல் விலைக்கும் ஐஸ் செலவுக்கும் அவர் எதையாவது விற்றாக வேண்டும். குட்டி மீனுக்கு வாங்க ஆள் இருக்கிறது என்பதால்தான் அது கரைக்கு வருகிறது. நீங்களும் நானும் கை வைக்காவிட்டால் அதன் விலை விழும். விலை விழுந்தால் சின்னக் கண்ணி மடிக்குச் செலவழிக்க ஆசை குறையும். அரை கிலோ குட்டி வஞ்சிரத்துக்குப் பதிலாக அதே பணத்துக்கு நெத்திலி வாங்குங்கள்.

கேள்வி: "கடலுக்கு உகந்தது" என்று பச்சை இலைப் படம் போட்ட மீன் பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, பெங்களூரு

பதில்: இலைப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சான்று கொடுத்தது யார், சான்று எண் என்ன என்று கேளுங்கள். கடலில் பிடித்த மீனுக்கு எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்னும் பன்னாட்டு அமைப்பின் நீல முத்திரை உண்டு. இந்தியாவில் முதலில் அதைப் பெற்றது கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டிதான், 2014-இல். பண்ணை இறாலுக்கு ஏ.எஸ்.சி., பி.ஏ.பி. சான்றுகள் இருக்கின்றன. எண்ணைத் தேடிப் பார்த்துக் கிடைத்தால் கூடுதல் விலை கொடுங்கள். இலை மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்கூட அதிகம் வேண்டாம். இப்படியொரு பாக்கெட்டை நம்பி வாங்கிய பிறகு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். எங்கே பிடித்த மீன் என்று இன்றுவரை அவர்கள் சொல்லவில்லை.

கேள்வி: நண்டு வாங்கும்போது முட்டை உள்ளதாகப் பார்த்து எடுப்பேன். தவறா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: வயிற்றுக்கு வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ கொத்தாக முட்டை தொங்கினால், அது பொரிக்கத் தயாராகும் தாய் நண்டு. எடுக்காதீர்கள், விற்பவரிடமும் ஏன் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்க நினைக்கிறேன். அதன் ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: எந்தப் பங்கு ஏறும் என்று நான் சொல்வதில்லை. எங்கே அடி விழும் என்று பார்க்கச் சொல்லித் தர முடியும்.

முதலில் சந்தை. இந்திய இறாலுக்கு அமெரிக்காதான் பெரிய வாடிக்கையாளர். 2025 ஆகஸ்டில் அங்கே இந்தியப் பொருள்களுக்கு வரி 50 சதவீதமானபோது, ஒரே நாட்டை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். அடுத்தது மருந்து. தடைசெய்த ஆன்டிபயாடிக் தென்பட்டால் சரக்கு திரும்பிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பாதியைச் சோதிக்கத் தொடங்கியது. எத்தனை சரக்கு திரும்பியது என்று அறிக்கையில் தேடுங்கள். நோயும் உண்டு. 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரைப் பண்ணைகளையே துடைத்துப் போட்டது.

நிலமும் நீரும் அதைவிட முக்கியம். இறால் குட்டைகளால் நாகப்பட்டினம் பகுதியில் வயலும் குடிநீரும் உப்பானதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்தது. நிறுவனம் இறால் வாங்கும் குட்டைகள் அங்கே பதிவானவையா என்று பாருங்கள்.

கடலில் பிடித்த இறாலையும் விற்கும் நிறுவனமென்றால் இன்னொன்று. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்பதால் 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அந்தக் கருவியை எப்போதோ வடிவமைத்துவிட்டது. அதைப் படகுகளில் பொருத்த மீனவர்களுக்குப் பணம் கொடுத்து உதவும் நிறுவனம் இருந்தால், அதை நான் மதிப்பேன். மூடிய சந்தை அவர்களுக்குத்தான் முதலில் திறக்கும். தீவனத்தில் மீன்தூளைக் குறைக்கும் நிறுவனமும் அப்படியே. ஏன் என்று கடலூர் வாசகருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

கேள்வி: நண்டு கொழுக்கவைக்கும் பண்ணையில் முதலீடு செய்தால் மாதம் ஐந்து சதவீதம் தருவதாகச் சொன்னதை நம்பி, ஓய்வுபெற்ற என் அப்பா 4 லட்சம் ரூபாய் கொடுத்தார். சில மாதங்கள் வந்தது. இப்போது அலுவலகமே பூட்டியிருக்கிறது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.
- வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இது அவருடைய குற்றமல்ல. உங்கள் மாவட்டத்திலேயே 2012-இல் ஈமு கோழியைக் காட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணத்தைச் சுருட்டினார்கள். அதே சூழ்ச்சி இப்போது நண்டு வேடத்தில் வந்திருக்கிறது. உண்மையான நண்டுப் பண்ணையில் தீவனச் செலவும் உண்டு, ஒன்றையொன்று கடித்துச் சாவதும் உண்டு. மாதாமாதம் மாறாத வட்டி தர எந்தக் குட்டையாலும் முடியாது.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997, மத்திய அரசின் 2019 ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இரண்டையும் புகாரில் குறிப்பிடுங்கள். சொத்தை முடக்கிப் பணம் போட்டவர்களுக்குப் பிரித்துத் தர இவற்றில் வழியிருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கை, ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள், முகவரின் பெயர் எல்லாவற்றையும் நகலெடுத்து இணையுங்கள். பணம் போட்ட மற்றவர்களையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். "பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள்" என்று யாராவது போன் செய்தால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.