காதுக்கு வந்த கடுதாசி

வடக்கு மாசி வீதியில் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். சர்க்கரை கண்ணைத் தொட்ட பிறகு வாசிப்பு நின்று கேட்பு தொடங்கியது. போன இதழில், பனி ஹாக்கி வீரர்கள் இருவர் காதலிக்கும் ஆங்கில ஆடியோ புத்தகத் தொடர் ஒன்றை விடாமல் கேட்டு வருவதாக ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடுதாசி வரும் என்று நினைக்கவில்லை. மருமகள் வாசித்துக்காட்ட, நான் சொல்லச் சொல்ல அவளே எழுதிய பதில்கள் இவை.

*அக்கா, இந்த ஆண்–ஆண் விளையாட்டுக் காதல் தொடர்கள் ஐந்து, ஆறு புத்தகம் என்று போகின்றன. முதலிலிருந்துதான் கேட்க வேண்டுமா? சிலவற்றில் ஒரே ஆள் வாசிக்கிறார், சிலவற்றில் இரண்டு பேர். எது நல்லது?*
– கல்லூரி மாணவி, வாடிப்பட்டி

பெரும்பாலும் புத்தகத்துக்கு ஒரு ஜோடி. அணியும் ஊரும் மாறாது. முதல் கதையில் ஓரமாக நின்று கேலி பேசிய கோல்கீப்பர் மூன்றாவது கதையில் நாயகனாகிவிடுவான். அதனால் எங்கே நுழைந்தாலும் வழி தெரியும். ஒரே ஜோடிக்கு இரண்டு புத்தகம் இருந்தால் மட்டும் வரிசையாகக் கேள். 90,000 சொல் உள்ள நாவல் என்றால் சுமார் 10 மணி நேரம் ஓடும். இங்கிலீஷ் வேகமாகப் போகிறதென்றால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குரலில் மூன்று வகை. முழுக் கதையையும் ஒருவரே வாசிப்பது ஒன்று. அத்தியாயம் யார் பார்வையில் போகிறதோ அவருக்கென்று ஒரு குரல் வைப்பது இன்னொன்று. மூன்றாவதில் வசனத்தையே பிரித்துக்கொண்டு ரேடியோ நாடகம் மாதிரி இருவரும் மாறி மாறிப் பேசுவார்கள். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் பேசி, உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் சண்டையும் மூட்டிவிடுவாரே, அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஒரு இடம் சொல்கிறேன். ஹாக்கிக்காரர்கள் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயராலோ பட்டப்பெயராலோதான் கூப்பிடுவார்கள். ஏழு மணி நேரம் அப்படியே போகும். பிறகு ஒரு ஹோட்டல் அறையில், அடிபட்ட தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே ஒருவன் மற்றவனை முதல்முறையாக அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். வாசிக்கிறவர் அந்தப் பெயருக்கு முன்னால் அரை நொடி மூச்சை நிறுத்துவார். அச்சில் அது வெறும் பெயர். இங்கே கேட்கிற நமக்கே கூச்சமாக இருக்கும்.

*பனியே பார்க்காத மதுரைக்காரர்களுக்கு எதற்கம்மா பனி ஹாக்கி? கபடியில் காதல் வராதா?*
– ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், மேலூர்

எனக்கும் பனி என்றால் உமி ஒட்டின ஐஸ் பார்தான் சார். ஆனால் இந்தக் கதைக்காரர்கள் அந்த விளையாட்டைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு நூறு வருடம் தாண்டியும், 'எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்' என்று லீக் அணியோடு ஒப்பந்தத்தில் இருந்த ஒருவரும் வெளியே சொல்லவில்லை. 2021-ல் லூக் புரோகாப் என்ற பையன்தான் முதலில் சொன்னார். அப்போது அவருக்கு 19 வயது. கூடைப்பந்தில் ஜேசன் காலின்ஸ் 2013-லேயே சொல்லியாகிவிட்டது. நம் நாட்டில் ஓட்டக்காரி டூட்டி சந்த் 2019-ல் தனக்கு ஒரு பெண்ணோடு உறவு இருப்பதைச் சொன்னார், வீட்டு எதிர்ப்பையும் தாங்கினார். ஹாக்கி மட்டும் வாயை மூடிக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தில்தான் கதை முளைக்கிறது. எதிரெதிர் அணியில் இருக்கிற இரண்டு பேர் 80-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் மோதுவதே சில தடவைதான். அந்தச் சில ராத்திரிகளுக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பதைச் சொல்ல வேறு விளையாட்டு தோதுப்படாது.

கபடி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான் சார், நான்தான் யோசிக்கவில்லை. பாடிப் போகிறவன் மூச்சை விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லியாக வேண்டும். காதால் கேட்கவே பிறந்த ஆட்டம் அது. ராத்திரி டோர்னமென்ட், டியூப்லைட், மைக்கில் கத்துகிற அண்ணன், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விடாத ஒருத்தன். 30 நொடி ரெய்டில் பிடிக்கிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் நடுவே மண் மட்டும்தான். மேலூர்ப் பக்கம் இத்தனை வருடம் விசில் ஊதியவர் நீங்கள். எழுதுங்கள் சார், முதல் ஆளாக நான் கேட்கிறேன்.

*பஸ்ஸில் கேட்கலாமா?*
– ஒரு வாசகர், சோழவந்தான்

ஆரப்பாளையத்தில் ஏறி உட்கார்ந்தேன். இயர்போன் கழன்றது எனக்குத் தெரியவில்லை. படுக்கையறை அத்தியாயம். முழுக்க வயது வந்தவர்களுக்கான எழுத்து. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றார். போதுமா?

*என் மகனுக்கு 21 வயது. கோயம்புத்தூரில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் மாடியில் இருந்தபோது அவன் போன் ஹாலில் இருந்த ஸ்பீக்கரோடு தானாகச் சேர்ந்துகொண்டது. நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரி ஹாக்கிக் கதை. ஒருவன் இன்னொருவனிடம் 'போகாதே' என்று சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நாலு நிமிடம் நின்று கேட்டேன். அப்புறம் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா?*
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

தங்கச்சி, முதலில் சுலபமான பதில். என் நூலகத்தில் வாரம் மூன்று கொலை நாவல் எடுத்துப்போன ஒரு பெரியவர் இருந்தார். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். இந்த ஹாக்கிக் கதைகளை எழுதுவதிலும் கேட்பதிலும் பெண்கள் நிறையப் பேர், நானே சாட்சி. ஆகவே கேட்டதை வைத்து ஆளை முடிவுகட்ட முடியாது.

ஆனால் நீங்கள் நாலு நிமிடம் நின்றிருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தப் பதில் போதாது.

தொண்ணூறுகளில் பாத்திரக்கடையில் வேலைபார்த்த ஒரு பையன் சனிக்கிழமைதோறும் வருவான். கையில் புளியும் பித்தளையும் கலந்த வாசனை. 'அக்கா, ரெண்டு ஃபிரண்ட்ஸ் கதை ஏதாவது இருக்கா?' என்பான். தேடித்தேடிக் கொடுப்பேன். மறுவாரம் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'இதுலயும் கடைசில ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிருதுக்கா' என்பான். நான் சிரிப்பேன். 'பின்ன என்னடா, கல்யாணம் ஆகாமலா?' என்று வேறு கேட்டிருக்கிறேன். ஒருநாள் டெபாசிட் பணத்தைக்கூட வாங்காமல் நின்றுவிட்டான். அவன் தேடிய கதை எது என்று எனக்குப் புரிய 25 வருடம் ஆனது. அதுவும் இந்தக் காதில் மாட்டுகிற சமாச்சாரத்தால்.

உங்கள் மகன் அப்படித்தான் என்றால், அது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நோயும் இல்லை. மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டவரோ வேப்பிலை பிடித்தவரோ, அந்த வாசலை மிதிக்காதீர்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் போட்ட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதிரி 'மாற்றுச் சிகிச்சை'க்குத் தடை சொன்னது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார். நாம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அதற்காக மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'நீ அப்படியா?' என்று விசாரணை நடத்தாதீர்கள். வாய் திறக்க வேண்டியவன் அவன். அவன் அப்பாவுக்குச் சொல்வதும் அவன் பாடு, நீங்கள் முந்த வேண்டாம். உங்களிடம் சொல்லலாம் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும்.

இந்த வகைக் காதல் கதைகளில் கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும், அதுதான் விதி. அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளைக்குக் காலையில் அவன் சமையல்கட்டுக்கு வந்தால், 'உன் போன் அன்னைக்கு ஸ்பீக்கர்ல பாடிருச்சுடா. அந்த ரெண்டு பேரும் கடைசில சேந்துருவாங்களா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் தோசையைத் திருப்புங்கள்.